ஆறில்லா ஊரின் மதகு

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டத் தொடங்குகிறவர் முதலில் தேடுவது மேசனை. தமிழ்நாட்டில் கொத்தனார் என்பார்கள். மேசனுக்குப் பக்கத்தில் நின்று கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுப்பவருக்கு இங்கே முட்டாள் என்று பெயர். "நாளைக்கு ரெண்டு முட்டாள் வேணும்" என்று மேசன் வீட்டுக்காரரிடம் சொல்வதைக் கேட்டால், அக்கரையிலிருந்து வந்தவர் திடுக்கிடுவார். அதில் ஏச்சு எதுவும் கிடையாது. முட்டுக் கொடுப்பதென்றால் தாங்கிப் பிடிப்பது. அந்த வேலையைச் செய்கிற ஆள் முட்டாள். மரவேலைக்கு ஓடாவி வருவார். ஓடு போடுமுன் கூரைக்கு வேண்டியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: தீராந்தி, வளை, கைமரம், சிலாகை.

அந்த நாலு சொல்லில் முதலாவதைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களும் கூரைப் பாரத்தால் வெளிப்பக்கம் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கிற குறுக்கு மரம் தீராந்தி. போர்த்துக்கேயத்தில் 'திராந்தெ' என்றாலும் இதே மரந்தான். 'திரார்' என்றால் இழு. மரம் என்ன வேலை செய்கிறதோ அதையே பெயராக வைத்திருக்கிறார்கள். அதை நாம் தமிழ் என்று நினைத்துக்கொண்டு தலைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறோம்.

தீராந்திக்குக் கீழே இறங்கி வந்தாலும் கதை மாறாது. யன்னல் போர்த்துக்கேய 'ஜனேலா'. அதற்கு மூலம் இலத்தீனில் வாசல் என்று பொருள்படும் சொல்லின் சின்ன வடிவம், அதாவது குட்டி வாசல். யன்னலுக்கு அடிக்கும் கிராதியும் அவர்கள் சொல்தான். சமையல் நடக்கிற குசினி, இருக்கிற வாங்கு, சாப்பிடுகிற மேசை, சாய்கிற கதிரை எல்லாமே லிஸ்பனில் கப்பலேறியவை. விறாந்தை மட்டும் வழக்கில் இருக்கிறது. அது இந்தியச் சொல்லா, அவர்கள் கொண்டுவந்த சொல்லா என்று அறிஞர்கள் நெடுநாள் மல்லுக்கட்டினார்கள். வாஸ்கோ ட காமாவின் முதற்பயணக் குறிப்பிலேயே, 1498இல், அந்தச் சொல் இயல்பாக வந்துவிடுகிறது. கரையில் இறங்கிய கையோடு ஒரு சொல்லைக் கடன் வாங்கி அப்படிச் சரளமாக எழுத முடியாது. ஆகையால் கொண்டுவந்த சொல் என்ற கட்சியே எனக்கு வலுவாகப் படுகிறது.

அத்திவாரம் வெட்ட இறங்கினால் அலவாங்கு வேண்டும். மண்வெட்டி கொஞ்சத் தூரந்தான் போகும், அதற்குப் பிறகு கல். இந்தக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் போர்த்திய மெல்லிய மண்தானே. தமிழ்நாட்டில் கடப்பாரை என்கிற அந்த இரும்பை இங்கே அலவாங்கு என்கிறோம். போர்த்துக்கேய 'அலவாங்க'. சிங்களத்தில் 'அலவாங்குவ'. நம் சொந்தக் கல்லை உடைக்கிற கம்பிக்குக்கூட நம்மிடம் சொந்தப் பெயர் நிலைக்கவில்லை.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தது 1619இல். ஒல்லாந்தரிடம் கோட்டையை இழந்தது 1658இல். நாற்பது வருடம்கூட ஆகவில்லை. ஒல்லாந்தரோ 1795 வரை, ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தார்கள். ஆனால் ஒல்லாந்தச் சொல் என்று கேட்டால் கந்தோர், கக்கூசு என்று விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. காரணம் எளிது. ஒல்லாந்தர் காலத்திலும் கரையோரப் பட்டினங்களில் வேற்றினத்தார் தங்களுக்குள் பேசியது கலப்புப் போர்த்துக்கேயம். ஒல்லாந்தர் வீடுகளுக்குள்ளேயே அது புழங்கியது. ஆட்சி போன பின்னும் பேச்சு போகவில்லை.

இவ்வளவையும் சொன்னது வீடு எவ்வளவு தூரம் பிறத்தியார் சொல்லால் கட்டப்பட்டது என்று காட்டத்தான். இனி அதே வீட்டின் மேல் மழை பெய்யட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை. தண்ணீர் ஓட்டில் விழுந்து, முற்றத்துக்கு வந்து, ஒழுங்கையைத் தாண்டி, கடலுக்குப் போகிற வழி முழுவதும் பெயர்களைக் கவனித்துக்கொண்டே போனால் நிலைமை தலைகீழ். பீலி, வாய்க்கால், மதகு, குளம், ஆறு. ஒன்றுகூடக் கப்பலில் வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தமிழ்நாட்டில் சொல்கிற பொருளை விட்டு நகர்ந்து நிற்கிறது. ஆறே இல்லாத நிலத்தில் ஆற்று மொழி என்ன பாடுபடும் என்பதை இந்தச் சொற்களில்தான் பார்க்க முடியும்.

முதலில் பீலி. பழந்தமிழில் பீலி என்றால் மயில் தோகை. 475ஆம் குறளில் வண்டியில் ஏற்றுகிற பாரம் அதுதான். பெண்கள் கால்விரலில் போடும் அணிக்கும் பீலி என்ற பெயர் உண்டு. யாழ்ப்பாணத்தில் பீலி என்றால் கூரைத் தண்ணீரை ஏந்திக் கொண்டுபோகும் தொட்டி போன்ற நீளக் குழிவு. ஓலை வேய்ந்த வீட்டுக்கு அது தேவைப்படவில்லை, இறப்பால் தண்ணீர் தானாகச் சொட்டிவிடும். நாற்சார் வீட்டில்தான் சிக்கல். நாலு பக்கக் கூரையும் உள்முற்றத்தைப் பார்த்துச் சரியும். இரண்டு சரிவு கூடும் மூலைகளில் தண்ணீர் திரண்டு பாயும். அந்த மூலைக்குப் பீலி வேண்டும். முற்றிய பனையை நெடுக்காகப் பிளந்து, உள்ளே இருக்கிற சோற்றியைக் கோதி எடுத்துவிட்டால் வெளிவைரம் மட்டும் அரைவட்டமாக நிற்கும். அதுதான் பீலி. பனைக்குப் பிறகு தகரம் வந்தது, இப்போது பிளாஸ்ரிக். பொருள் இரண்டு முறை மாறியும் பெயர் அசையவில்லை.

மலையகத்தில் இதே சொல் வேறு வேலைக்குப் போயிருக்கிறது. மலையூற்றிலிருந்து தண்ணீர் வந்து விழுகிற வாயே அங்கே பீலி. தோட்டத்துப் பெண்கள் குளிக்கவும் குடம் நிரப்பவும் போவது பீலிக்கரைக்கு. சிங்களத்தில் 'பீல்ல', பன்மையில் 'பீலி', இரண்டு பொருளுக்கும் உண்டு. மூன்றாவதாகத் தண்டவாளத்துக்கும் அதுவே. றெயில் தடம்புரண்டால் 'பீலி பாய்ந்தது' என்று சிங்களத்தில் சொல்வார்கள். தோகையின் நடுத்தண்டு உள்ளே பொள்ளலாக இருப்பதால் தண்ணீர்ப் பீலி அதிலிருந்து வந்தது என்று ஒருவர் சொல்லக்கூடும். கேட்க நன்றாயிருக்கிறது. அளவுக்கு மீறி நன்றாயிருக்கிற சொற்பிறப்புகளிடம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பது வழக்கம். இலங்கையில் இரண்டு மொழியும் சேர்ந்து வளர்த்த சொல் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கூரைத் தண்ணீர் முற்றத்துக்கு வந்தது. கிணற்றடித் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். குளிக்கிற தண்ணீரை வீணாக விடுவது யாழ்ப்பாணத்தார் சுபாவம் இல்லை. கிணற்றடியிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வாழைக்கும் தென்னைக்கும் போகும். தோட்டத்திலானால் வாய்க்கால்தான் உயிர். துலா இருந்த காலத்தில் ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். மூன்றாமவர் மண்வெட்டியோடு பாத்திகளுக்கு நடுவே நின்று தண்ணீர் மாறுவார். தமிழ்நாட்டில் வாய்க்கால் ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ பிரியும். அங்கே வாய்க்காலின் தலை ஊருக்கு வெளியே இருக்கும். இங்கே வாய்க்காலின் தலை கிணற்றடி, வால் பத்தடி தள்ளி மிளகாய்ப் பாத்தி. காவிரிக் கரையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தால் இதையா வாய்க்கால் என்கிறீர்கள் என்று கேட்பார்.

சின்னதுதான், ஆனால் வழக்கு பெரிது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்களுக்கு 'வழிவாய்க்கால்' என்ற சொல் பழக்கமானது. காணி சீதனமாகவும் முதுசமாகவும் துண்டு துண்டாகப் பிரிந்துகொண்டே போகும். கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் கிணறு பங்குக் கிணறாக நிற்கும், அதற்குப் போகிற பாதையும் அதிலிருந்து வருகிற தண்ணீரின் பாதையும் உரிமையாக எழுதப்படும். ஆள் நடக்கிற வழியும் தண்ணீர் நடக்கிற வாய்க்காலும் ஒட்டி ஒரே சட்டச் சொல்லாகிவிட்டன. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்து எழுதினார். அப்படி எழுத்தில் ஏறிய சொத்து முறையின் நடைமுறைப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் இந்த ஒரு சொல் போதும். எத்தனை அண்ணன் தம்பிகள் இதனால் முகம் பார்க்காமல் போனார்கள் என்பதை நீதிமன்றப் பதிவாளர்களிடந்தான் கேட்க வேண்டும்.

இனித் தெருவுக்கு வருவோம். தெருவில் மதகு.

தமிழ்நாட்டில் ஏரியோடு பிறந்த சொல் மதகு. கரைக்குக் கீழே கல்லால் கட்டிய வாய், திறந்தால் வயலுக்குத் தண்ணீர், மூடினால் நிற்கும். அதன் உறவுக்காரர் பலர். தூம்பு, மடை, குமிழி, கலிங்கு. பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரி பேசப்படும் இடத்தில் இந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் இருப்பார். பழைய சொல்லான புதவுக்குக் கதவு என்றும் பொருள், மதகு என்றும் பொருள். மனிதர் நுழைகிற வாசலையும் தண்ணீர் நுழைகிற வாசலையும் ஒரே பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகையால் மதகின் நடுக்கருத்து திறப்பதும் அடைப்பதும்.

யாழ்ப்பாணத்து மதகுக்குத் திறக்கவும் தெரியாது, அடைக்கவும் தெரியாது. தெருவுக்குக் கீழே மழைத்தண்ணீர் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் போகக் கட்டிய சின்னப் பாலம், அவ்வளவுதான். அதற்குக் கதவு கிடையாது, பலகை கிடையாது, காவலுக்கு ஆளும் கிடையாது. வருடத்தில் முக்கால்வாசி நாள் கீழே தண்ணீரும் கிடையாது. இந்த மாற்றம் எப்படி நடந்தது?

வன்னிக்குப் போனால் விடை கிடைக்கும். அங்கே இரணைமடு போன்ற பெருங்குளங்கள் இருக்கின்றன. குளக்கட்டில் தண்ணீர் திறக்கிற இடத்தை அங்குள்ள கமக்காரர் துருசு என்கிறார்கள். நிரம்பி வழிகிற இடம் வான். குளம் வான் பாயுது என்றால் ஊரே போய்ப் பார்க்கும். ஆக, ஏரி மதகின் வேலையை ஈழத்தில் துருசு எடுத்துக்கொண்டது. மதகு என்ற சொல் கையில் வேலையில்லாமல் நின்றது. பிரித்தானியர் காலத்தில் தெருக்கள் மேடாகக் கட்டப்பட்டன. வெள்ளம் வழக்கமாகப் போய்வந்த பள்ளங்களைத் தெரு மறித்தது. மறித்த இடமெல்லாம் கீழே ஒரு துளை விட வேண்டியிருந்தது. அந்தத் துளைக்கு ஊரார் வைத்த பெயர், வேலையில்லாமல் நின்ற பழைய பெயர். கரைக்கு அடியில் தண்ணீர் போகிற கல்வாய் என்ற உருவம் மட்டும் ஒத்துப்போனது, போதும்.

கதை அங்கேயும் நிற்கவில்லை. மதகின் இரண்டு பக்கமும் வாகனம் விழுந்துவிடாமல் இடுப்பளவுக்கும் குறைவான கட்டு ஒன்று கட்டுவார்கள். பின்னேரத்தில் இளந்தாரிகளுக்கு அதைவிட வசதியான இருப்பிடம் கிடையாது. காற்று வரும், போகிறவர் வருகிறவர் எல்லாரும் தெரிவார்கள், எழும்பு என்று சொல்ல உரித்தாளி இல்லை. "உவன் எங்க?" "மதகில இருப்பான்." இந்தப் பேச்சில் மதகு என்பது துளையும் அல்ல, பாலமும் அல்ல, மேலே இருக்கிற கட்டு. வயலுக்குத் தண்ணீர் விட்ட சொல், தெருவுக்கு அடியில் புகுந்து, கடைசியில் தெருவுக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. ஊரில் யார் யாரைக் கலியாணம் செய்யப் போகிறார்கள், எந்த வாசிகசாலையில் யார் தலைவர், யார் கனடா போகப் போகிறார் என்பதெல்லாம் முதலில் தெரிவது மதகடியில். வீட்டில் பொறுப்பில்லாதவன் என்று திட்ட வேண்டுமானால் தாய்மார் எடுப்பதும் அந்தச் சொல்லைத்தான்.

மதகைத் தாண்டிய தண்ணீர் குளத்துக்கும், அதிலிருந்து அடுத்த குளத்துக்கும், கடைசியில் கடல்நீரேரிக்கும் போக வேண்டும். தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை வழியாக அராலியில் கடல்நீரேரியில் கலக்கிற வழுக்கை ஆறு இப்படித்தான் ஓடுகிறது, மாரியில் மட்டும். கோடையில் அதன் படுக்கையில் மாடு மேயும். தொண்டைமானாறு இன்னும் வேடிக்கை. அது கடல் உள்ளே புகுந்த வழி. கருணாகரத் தொண்டைமான் உப்புக் கொண்டுபோக வெட்டுவித்தான் என்பது ஊர்க்கதை. உப்பாற்றின் பெயரிலேயே அதன் சுவை இருக்கிறது. மூன்றையும் ஆறு என்கிறோம். தாமிரபரணிக்காரர் கேட்டால் சிரிக்கட்டும்.

இப்போது நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த சொல்லுக்கு வருகிறேன். கான்.

தெருவோரம் கழிவுநீரும் மழைநீரும் போகிற கட்டிய ஒடுங்கிய பள்ளத்தை யாழ்ப்பாணத்தில் கான் என்கிறோம். கானுக்குள் விழுந்த செருப்பு, கான் துப்பரவாக்க வந்த ஆட்கள், கானை மூடிக் கட்டிய கடை. எழுத்துத் தமிழில் அது வடிகான். தமிழ்நாட்டில் இதற்குச் சாக்கடை, சலதாரை, திருநெல்வேலிப் பக்கத்தில் வாறுகால். அங்கே கான் என்றால் காடு, கான்யாறு என்றால் காட்டாறு. காட்டாற்றிலிருந்து தெருக்கானுக்கு வழி போட முடியாது என்பதால் அந்த உறவை விட்டுவிடுவோம்.

மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, நம் 'கால்'. வாய்க்காலிலும் கால்வாயிலும் வடிகாலிலும் இருக்கிற அதே கால். லகரம் னகரமாவது தமிழுக்குப் புதிதல்ல. காலும் முளையும் சேர்ந்தால் கான்முளை. மற்றது போர்த்துக்கேயக் 'கானு', குழாய் என்று பொருள். இதை ஆதரிக்கிற சாட்சி நிலப்படத்தில் இருக்கிறது. சிங்களத்தில் தெரு வடிகால் 'காணுவ'. கொச்சிப் பக்கத்து மலையாளத்தில் 'கான'. போர்த்துக்கேயர் காலூன்றிய கரைகளில் இந்தச் சொல் இருக்கிறது, அவர்கள் எட்டாத தமிழ்நாட்டு உள்ளூர்களில் இதைத் தெரு வடிகாலுக்குச் சொல்லிக் கேட்க முடியவில்லை. எதிர்ச்சாட்சியும் உண்டு. போர்த்துக்கேயச் சொல்லின் கடைசி உகர ஒலியைத் தமிழ் வழக்கமாகக் கைவிடாது. அவர்களுடைய 'பாங்கு' நம்மிடம் வாங்காக நிற்கிறது. அந்தக் கணக்கில் நமக்குக் கானு என்றே கிடைத்திருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி. நம்மிடம் வடிகால் என்ற சொல் முன்பே இருந்தது. கட்டிய பட்டினத்துத் தெரு வடிகாலோடு கோட்டைப் பக்கத்திலிருந்து 'கானு' வந்தது. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருக்கமான இரண்டு சொற்கள் ஒரே தெருவில் நெடுநாள் தனித்தனியாகக் குடியிருக்க முடியாது. காலின் மெய்யெழுத்து முடிவும் கானுவின் னகரமும் சேர்ந்து கான் ஆனது. அது பழைய வடிகாலுக்குள்ளும் புகுந்து வடிகானை உண்டாக்கிவிட்டது. இன்றும் இலங்கைத் தமிழில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை என்று நிறுவனப் பெயரில் காலும், 'வடிகான் புனரமைப்பு' என்று செய்தித் தலைப்பில் கானும். யாரும் இதைப் பிழை என்று திருத்தப் போவதில்லை.

'கானு'வின் பூர்விகத்தை மேலும் தோண்டினால் ஒரு சுவையான பொருத்தம். அது நாணலைக் குறிக்கிற இலத்தீன் 'கன்னா'வின் வழி வந்தது. உள்ளே பொள்ளலான தண்டு, பிறகு தண்ணீர் போகிற குழாய். தமிழும் தன் பாட்டில் அதே வழியால் வந்திருக்கிறது. ஊதுகிற குழலும் தண்ணீர் வருகிற குழாயும் ஒரு குடும்பம். ஏரித் தூம்பின் பெயர் மலைபடுகடாத்தில் ஊதுகருவிக்கு இருக்கிறது. காற்று போகிற தண்டில் தண்ணீரும் போகும் என்று இரண்டு இனமும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றன.

கக்கூசைச் சொல்லாமல் வடிகால் கட்டுரையை முடித்தால் மேசன்மார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒல்லாந்தரின் 'காக்ஹொய்ஸ்'. அவர்கள் மொழியில் பச்சைப் பேச்சு, மலம் கழிக்கிற வீடு. நமக்கு மொழி தெரியாததால் அது நாகரிகமான சொல்லாக வந்து இறங்கியது. அவர்கள் போன இடமெல்லாம் அதை விட்டு வந்தார்கள், இந்தோனேசியாவிலும் 'ககுஸ்'தான். அதற்கு முன் நாம் வெளிக்குப் போனோம். அந்த 'வெளி' உண்மையாகவே வெளிதான், பனங்காடு. கக்கூசுக்கு நாற்றம் பிடித்ததும் மலசலகூடம் வந்தது, அதுவும் எழுத்தோடு நின்றுபோய் இப்போது ரொயிலற். மூடி மறைக்க வந்த சொல் கொஞ்ச நாளில் தானே நாறத் தொடங்கும். இந்த ஒரு பொருளுக்கு மட்டும் எந்த மொழியிலும் பெயர் நிலைப்பதில்லை.

பெயரைவிடக் குழிதான் இங்கே கவலை. யாழ்ப்பாண நகரத்தில் வீட்டுக்கு வீடு கழிவைக் குழாய் வழி கொண்டுபோகும் முறை வளரவில்லை, ஆளாளுக்கு வளவில் ஒரு குழி. சுண்ணாம்புக்கல் வெடிப்பும் பொந்துமாக இருக்கிற கல். நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அதன் அழகான பக்கம். குழியில் விடுவது கல்லின் வழியே போய்ப் பக்கத்து வளவுக் கிணற்றில் ஊறுவது மற்றப் பக்கம். கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் பல தடவை காட்டிவிட்டார்கள். தோட்டத்துப் பசளையும் இந்தக் குழிகளும் சேர்ந்து செய்த வேலை அது. வாய்க்கால், மதகு, கான் என்று மேலே பெயர் வைத்த தண்ணீருக்குத்தான் இத்தனை சொல். கல்லுக்குள்ளே போகிற தண்ணீருக்கு ஊற்று என்ற ஒன்றைத் தவிர நாம் பெயரே வைக்கவில்லை.

கிணறு உவர்த்துப் போன இடங்களில், முக்கியமாகத் தீவுப் பகுதியில், கோடையில் தண்ணீர் பவுசரில் வருகிறது. தமிழ்நாட்டில் தண்ணி லாரி என்பார்கள். குழி நிரம்பினால் உறிஞ்சிக்கொண்டு போக வருவதும் இன்னொரு பவுசர்தான். தண்ணீர்ச் சொற்களில் கடைசியாக வந்து சேர்ந்தது இது. நான் பார்த்தவரையில் முழுதாக ஓர் ஆளின் பெயராக இருப்பதும் இது ஒன்றுதான். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்ன் ஊரில் 1885இல் சில்வேனஸ் பவுசர் என்பவர் மண்ணெண்ணெய் இறைக்கும் பம்பி ஒன்றைச் செய்து ஒரு கடைக்காரருக்கு விற்றார். அவருடைய கும்பனி பெருத்தது. பிரித்தானிய வான்படையினர் விமானத்துக்கு எண்ணெய் நிரப்பும் வாகனத்துக்கு அந்தப் பெயரைச் சொல்லப் பழகினார்கள். அங்கிருந்து இலங்கைக்கு வந்து, எண்ணெயை விட்டுத் தண்ணீருக்கு மாறி, "பவுசர் வந்திட்டுது, வாளியை எடு" என்ற கட்டளையில் ஊர்காவற்றுறை வரை போய்விட்டது.